பூதத்துக்கு ஒரு ஐந்தருவி டிக்கெட்

டிக்கெட் கிழிப்பதற்கு முன்னால் ஜெபஸ்டின் அண்ணாச்சி புருவத்தைத் தூக்குவார். இடது புருவம் மட்டும்தான். 'எங்கே?' என்று அதற்கு அர்த்தம். ஏறியவர் வெளியூர்க்காரராக இருந்து விழித்தால் வலது கை வேலையை எடுத்துக்கொள்ளும். உள்ளங்கையை நெற்றிக்கு மேலே வைத்து நேரே கீழே இறக்கினால் மெயின் அருவி. ஐந்து விரலையும் விரித்தால் ஐந்தருவி. சுண்டுவிரலை மட்டும் நீட்டினால் சிற்றருவி. விரல்களை மடக்கி நகத்தைக் காட்டினால் புலியருவி. பழைய அருவி என்று யாராவது கேட்டால் இல்லாத தாடியை ஒரு தடவை உருவிவிட்டு, இந்த வண்டி அங்கே போகாது என்று கையை ஆட்டுவார். பழைய அருவிக்குப் போகிற எண்ணமே இல்லாத பிள்ளைகள்கூட அந்தத் தாடியைப் பார்ப்பதற்காகக் கேட்கும். ஒவ்வொரு தடவையும் உருவுவார்.

கிழித்த டிக்கெட்டின் நடுவில் கட்டைவிரல் நகத்தால் ஒரு கோடு இழுத்து, அதே கோட்டில் மடித்துக் கொடுப்பார். எனக்கு மட்டும், கையில் விரித்து வைத்திருக்கும் கவிதைப் புத்தகத்தில், படித்துக்கொண்டிருக்கும் பக்கத்திலேயே செருகிவிட்டுப் போய்விடுவார். என் புத்தகங்களை எடுத்து உதறினால் டிக்கெட்டாகக் கொட்டும்.

தென்காசியிலிருந்து குற்றாலம் வழியாக ஐந்தருவி வரை போய்வரும் மினி பஸ்ஸில் அவர் கண்டக்டர். ஐந்தருவிப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் எனக்கு வரவேற்பு மேசை வேலை என்பதால், அவரை நான் பார்க்காத நாள் குறைவு. கடைசி நிறுத்தம் வந்ததும் அவர் செய்கிற இன்னொரு காரியம் உண்டு. வண்டி முழுசாக நிற்பதற்கு முன்பே குதித்து முன்னால் ஓடி, கண்ணாடிக்குக் கீழே கொக்கியில் தொங்கும் தகரப் போர்டைத் திருப்பி மாட்டுவார். ஒரு பக்கம் 'ஐந்தருவி', மறுபக்கம் 'தென்காசி'.

"வே, நான் இன்னும் பிரேக்கே மிதிக்கல. அந்தப் போர்டு என்ன, காட்டுக்குள்ள ஓடியா போயிரும்?" என்பார் டிரைவர் வேல்சாமி. தினமும் சொல்வார். தினமும் அண்ணாச்சி குதிப்பார்.

அவர் பிறவியிலேயே பேசாதவர் இல்லை. தென்காசி பஸ் ஸ்டாண்டில் நின்று "குத்தாலம் ஐந்தருவி, குத்தாலம் ஐந்தருவி" என்று அவர் கூப்பிட்டால் செங்கோட்டை பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர்கூடக் குழம்பி இறங்கிவிடுவார் என்று கேலி செய்வார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. திருநெல்வேலியில் ஆபரேஷன் நடந்தது. கட்டி கெட்ட கட்டி இல்லை, உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் குரல் வீட்டுக்குத் திரும்பவில்லை. சைக்கிள் டியூபில் வால்வைப் பிடுங்கினால் வருகிற சத்தம்தான் மிச்சம். கழுத்தில் கட்டுப்போட்டிருந்த நாளிலேயே, பார்க்க வந்தவர்களிடம் கையால் காற்றடித்துக் காட்டி அவரே இதைச் சொல்லிச் சிரித்தார்.

அந்தக் குரலை ஊருக்குத் தெரியும். 'கெவிப் பூதம்' படத்தால் தெரியும்.

கெவி என்றால் எங்கள் பக்கம் குகை. நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு குற்றாலத்தில் எடுத்த படம் அது. மலைமேல் கெவியில் தூங்குகிற பூதத்தை வேட்டைக்காரர்கள் எழுப்பிவிடுகிறார்கள். அது துப்பாக்கிக்குத் தப்பி மெயின் அருவியின் உச்சியிலிருந்து குதிக்கிறது. தண்ணீருக்குள் முங்குகிறது. அடுத்த காட்சியில் தலையைச் சிலுப்பிக்கொண்டு எழுந்து நிற்கிறது. எழுந்து நிற்கிற இடம் ஐந்தருவி. மதுரையிலும் சென்னையிலும் பார்த்தவர்களுக்கு எல்லாத் தண்ணீரும் ஒரே தண்ணீர். தென்காசிக்காரர்களுக்கு அப்படியா? நடுவில் நாலைந்து கிலோமீட்டர் ரோடு இருக்கிறது.

பல வருடம் கழித்து அது மறுபடி வெளியானபோது அண்ணாச்சி வேலைக்குச் சேர்ந்த புதுசு. படம் பார்க்கப் போனவர், அந்தக் காட்சி வந்ததும் தன்னை அறியாமல் எழுந்து நின்று கத்தினார்:

"ஏ பூதம்! ஐந்தருவிக்கு டிக்கெட் எடுத்தியாலே?"

தியேட்டர் சிரித்த சிரிப்பில் அடுத்த சண்டைக் காட்சியே யாருக்கும் கேட்கவில்லையாம். அதிலிருந்து ஒவ்வொரு சாரல் சீசனுக்கும் தியேட்டர்காரர்கள் அந்தப் படத்தைப் போடுவதும், அந்தக் காட்சிக்கு முன்னால் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு அவருக்காகக் காத்திருப்பதும் வழக்கமாயிற்று. வேறு யாரும் அந்த வரியைத் தொடமாட்டார்கள். நானே பள்ளிக்கூட நாட்களில் கேட்டிருக்கிறேன். இருட்டில் எங்கிருந்தோ அந்தக் குரல் வரும். பூதத்துக்குக்கூட ஒரு கணம் திக்கென்றிருக்கும். ஒன்று சொல்லிவிட்டு வேறொன்று செய்கிறவனை ஊரில் இப்போதும் "ஐந்தருவியில எந்திரிக்காத" என்றுதான் திட்டுகிறார்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு படம் வரவில்லை. புதுசாக எடுக்கிற கம்பெனிக்கு உரிமையை விற்றுவிட்டதால் பழையதைப் போடக்கூடாது என்று சொல்லிவிட்டார்களாம்.

அந்தப் புதுப் படத்தின் ஆள்தான் முஃபீத். கடையநல்லூர்க்காரன், சென்னையில் உதவி இயக்குநர். ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் சட்டை, பொட்டு, காயம் எல்லாம் பொருந்துகிறதா என்று பார்ப்பது அவன் வேலை. எங்கள் லாட்ஜில்தான் தங்கியிருந்தான். ஒரு நாள் காலையில் தென்காசியில் எங்கள் பஸ்ஸில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு பிரசங்கம் மாதிரி ஆரம்பித்தான்.

"அண்ணாச்சிமாரே, அக்காமாரே! கெவிப் பூதத்தை மறுபடி எடுக்கோம். பழைய படத்துல என்னெல்லாம் தப்பு பாத்தியளோ சொல்லுங்க. ஒண்ணு விடாம திருத்திரணும்."

பஸ் அவ்வளவுதான், சந்தையாகிவிட்டது.

"முதல்ல முதுகுல தெரியுத ஜிப்பை மூடுங்க தம்பி."

"அது ஜிப்பு இல்ல வே, தழும்பு. சின்ன வயசுல தையல் போட்டிருக்கும்."

"வாலு? கெவிக்குள்ள முழங்கால் வரைக்கும்தான் இருக்கு. ரோட்டுக்கு வந்தா தரையில இழுபடுது."

"நடக்க நடக்க வளருதோ என்னவோ."

"கதாநாயகி தலையில கனகாம்பரம் இருக்கும். திரும்பிப் பாத்தா இருக்காது."

"அதுக்குப் படம் எடுத்தவன் என்ன செய்வான்? குத்தாலத்துல வந்து பூ வச்சா குரங்கு பிடுங்காதா?"

கீழப்பாவூரிலிருந்து வந்த ஒரு அம்மா மட்டும் கவலையாக, "தம்பி, பூதத்துக்குப் பின்னால ஒருத்தரு தலை நிறைய சோப்பு போட்டுக் குளிச்சிட்டு நிப்பாரு பாருங்க, அவரை மட்டும் எடுத்திராதீங்க. அது எங்க பெரியப்பா" என்றாள்.

"எம்மா, அது எங்க மாமால்லா!" என்றார் ஆலங்குளத்துக்காரர் ஒருவர். "சும்மா சொல்லாதிய."

"மூஞ்சி முழுக்க நுரையா இருக்கு. உங்க மாமான்னு எப்படிவே கண்டீரு?"

"எங்க மாமாதான் அம்புட்டு சோப்பு போடுவாரு."

எல்லாம் அடங்கியதும் வேல்சாமி கண்ணாடி வழியாகப் பார்த்துக் கேட்டார். "பெரிய தப்பை யாரும் சொல்லலையே?"

எல்லோரும் ஜெபஸ்டின் அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி மீசைக்குள் சிரித்தார்.

"அதைத்தான் முதல்ல திருத்தியாச்சு" என்றான் முஃபீத் பெருமையாக. "மெயின் அருவியில விழுந்தா மெயின் அருவியிலேயே எந்திரிக்கும். எல்லாம் கம்ப்யூட்டர்ல பண்ணுதோம். இந்தத் தடவை ஒரு தப்பும் இருக்காது."

"ஒண்ணுகூடவா?" என்றார் வேல்சாமி.

"ஒண்ணுகூட."

முன் சீட்டில், சிப்ஸ் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஜெபமலர் அக்கா மட்டும் திரும்பிப் பார்த்தார். அவர் அண்ணாச்சியின் மனைவி. மெயின் அருவிப் பக்கம் நேந்திரங்காய் சிப்ஸ் கடை வைத்திருக்கிறார். சொந்தப் புருஷன் வண்டியானாலும் டிக்கெட் எடுத்துத்தான் போவார். கலியாணத்துக்கு முன்னால் அண்ணாச்சி அவரிடம் பேசிய முதல் வார்த்தையே "டிக்கெட் எடுத்தியா?" என்பதுதானாம்.

அண்ணாச்சி முஃபீத்தின் முன்னால் வந்து நின்று புருவத்தைத் தூக்கினார். "மெயின் அருவி ஒண்ணு" என்றான் அவன். கிழித்து, கோடு போட்டு, மடித்துக் கொடுத்தார். அன்றைக்கு ஐந்தருவியில் வண்டி நின்று எல்லோரும் இறங்கிய பிறகும் அவர் பின்சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். வேல்சாமிதான் இறங்கிப்போய் போர்டைத் திருப்பினார்.

சாயங்காலம் லாட்ஜுக்கு சிப்ஸ் வாங்கப் போனபோது அக்கா, நான் கேட்காமலேயே சொன்னார்.

"குரல் போனப்பகூட அவரு இப்படி இருக்கல தம்பி. ஆபரேஷன் முடிஞ்சு டாக்டர்ட்ட ஒரே ஒரு கேள்விதான் எழுதிக் கேட்டாரு. 'பூதத்தைக் கேக்கதுக்கு மட்டும் சத்தம் வருமா?'ன்னு. அந்த டாக்டரு பாவம், 'யாரைக் கேக்கணும்?'னு என்னையப் பாக்காரு."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"பைய பைய பழகுங்க, ஒருவேளை வரும்னாரு. அன்னையிலேருந்து விடியக்காலம் கொல்லையில நின்னு பழகுதாரு. 'டிக்'குங்கும். அதுக்கு மேல ஏறாது. கோழியெல்லாம் எந்திரிச்சு ஓடும். ஒரே ஒரு தடவை அந்தத் தியேட்டர்ல சொல்லிட்டாப் போதும், பொறவு காலம்பூரா சும்மா இருக்கேன்னு என்கிட்ட கைய ஆட்டி ஆட்டிச் சொல்லுவாரு. இப்ப என்னடான்னா, சொல்லதுக்கு இடமே இருக்காதுங்கான் இந்தப் பய." எடை போட்ட சிப்ஸில் ஒரு கை கூடுதலாகப் போட்டுக் கட்டினார். "தப்பே இல்லாம ஒரு படமா? அதை யாரு பாப்பா?"

படப்பிடிப்பு சாரல் தொடங்குவதற்கு முன்னால் நடந்தது. பூதம் ஒரு மினி பஸ்ஸைத் துரத்துகிற காட்சிக்கு எங்கள் வண்டியையே பேசி எடுத்துக்கொண்டார்கள். நிஜப் பூதம் கிடையாது. பச்சைத் துணி போர்த்திய ஒருவர் வண்டிக்குப் பின்னால் ஓடினார். வேல்சாமி ஓட்டினார். எவ்வளவு மெதுவாகப் போகச் சொன்னாலும் அவருக்கு வரவில்லை. பச்சைத் துணிக்காரர் மூச்சு வாங்கி ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். அண்ணாச்சி, இடையில் ஒரு நாள் தொண்டையைக் காட்டத் திருநெல்வேலி போனதைத் தவிர, மற்ற நாளெல்லாம் வண்டியோடுதான் இருந்தார். டீ நேரத்தில் படக்காரர்களுக்கு சிப்ஸ் கொண்டுபோய்க் கொடுத்தது ஜெபமலர் அக்கா.

படம் தென்காசியில் வெளியானபோது காலைக் காட்சிக்கே தியேட்டர் நிரம்பிவிட்டது. பெயர் அதே 'கெவிப் பூதம்'தான். வேல்சாமி மினி பஸ்ஸைத் தியேட்டர் காம்பவுண்டுக்குள்ளேயே கொண்டுவந்து நிறுத்திவிட்டு, அடுத்த டிரிப்புக்குள் படம் முடிந்துவிடும் என்று யாரிடமோ சத்தியம் செய்துகொண்டிருந்தார். அண்ணாச்சி காக்கிச் சட்டையோடு, டிக்கெட் கட்டும் கையுமாக வந்து நடு வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்தில் அக்கா. நான் அவர்களுக்குப் பின்வரிசை.

பூதம் நன்றாகத்தான் இருந்தது. மறுப்பதற்கில்லை.

"ஏலே, முடியெல்லாம் தனித்தனியா ஆடுதுலே."

"ஷாம்பு போட்டுக் குளிச்சிருக்கும்."

"ஜிப்பைக் காணோமே."

"சோப்புத் தலையன் எங்கன? எங்க பெரியப்பாவ எடுத்துட்டான்யா!"

"இருக்காரு பாருங்க, அந்தப் பாறைக்குப் பின்னால ஒளிஞ்சிருப்பாரு."

பூதம் மெயின் அருவியின் உச்சிக்கு வந்ததும் பேச்சு நின்றது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் தானாக நின்றது. பூதம் குதித்தது. முங்கியது. தண்ணீர் கொந்தளித்தது. எழுந்தது.

மெயின் அருவி. அதே பாறை, அதே பாலம், கம்பிகூட அதே கம்பி.

எங்கேயோ ஒருவர் கை தட்டினார். கூட யாரும் தட்டாததால் பாதியில் விட்டுவிட்டார். "சரியாத்தான் இருக்கு" என்றார் வேல்சாமி, சாவு வீட்டுக்குத் துட்டி கேட்க வந்தவர் குரலில். அண்ணாச்சி இரண்டு கையையும் முழங்கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தார். எனக்கு எழுந்து வெளியே போய்விடலாம் போல இருந்தது.

அப்புறம் துரத்தல் வந்தது. எங்கள் மினி பஸ் திரையில் வந்ததும் தியேட்டருக்கு உயிர் வந்துவிட்டது. விசில், கூச்சல். முன்கண்ணாடிக்குக் கீழே போர்டு பளிச்சென்று தெரிந்தது: ஐந்தருவி. வண்டி மலைப்பக்கம் பார்த்துப் பறக்கிறது, பின்னால் பூதம். ஒரு வளைவு. வளைவு தாண்டியதும் வண்டி நேரே நம்மைப் பார்த்து வருகிறது. போர்டு: தென்காசி. கண்ணை மூடித் திறப்பதற்குள் அடுத்த காட்சி. போர்டு மறுபடியும் ஐந்தருவி.

சென்னையில் யார் பார்த்திருப்பார்கள்? எங்கள் தியேட்டரில் எல்லோரும் ஒரே மூச்சை உள்ளே இழுத்தார்கள். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

அண்ணாச்சி எழுந்து நின்றார்.

வாயைத் திறந்தார். காற்று வந்தது. கழுத்து நரம்பு புடைக்க மறுபடி திறந்தார். "டிக்" என்றது. அதற்கு மேல் ஏறவில்லை. அக்கா அவரைப் பார்க்கவில்லை. சேலை முந்தியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவை அண்ணாச்சி வாயைத் திறக்கவில்லை. சட்டைப்பையில் கையை விட்டு விசிலை எடுத்து, நீளமாக ஒன்று ஊதினார்.

ஒரு விசில் என்றால் வண்டி நிற்க வேண்டும். தென்காசியில் இது பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். படம் நின்றுவிட்டது. நிஜமாகவே நின்றது. ஆபரேட்டர் மந்திரமூர்த்தி விளக்கையும் போட்டுவிட்டார். "விசில் கேட்டா நிப்பாட்டாம என்ன செய்ய? நானும் அந்த வண்டியில வந்து போறவன்தானே" என்று பிறகு முதலாளியிடம் சொன்னாராம்.

திரை முழுக்க வாயைப் பிளந்தபடி பூதம் அசையாமல் நின்றது. அண்ணாச்சி அதை நிமிர்ந்து பார்த்து, இடது புருவத்தைத் தூக்கினார்.

தியேட்டர் முழுவதும் எழுந்து நின்றது. யார் ஆரம்பித்தது என்று தெரியவில்லை. வேல்சாமியும், கீழப்பாவூர் அம்மாவும், ஆலங்குளத்து மருமகனும், கூட்டத்தில் வாயைத் திறந்தே பழக்கமில்லாத நானும் ஒரே குரலில் கத்தினோம்:

"ஏ பூதம்! ஐந்தருவிக்கு டிக்கெட் எடுத்தியாலே?"

அண்ணாச்சி ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார். கட்டிலிருந்து ஒரு டிக்கெட்டைக் கிழித்து, நகத்தால் கோடு போட்டு, மடித்துப் பூதத்தின் பக்கம் நீட்டினார். அப்புறம் இரண்டு விசில். ரைட் ரைட். விளக்கு அணைந்தது. பூதம் ஓடத் தொடங்கியது. அதன் பிறகு படத்தில் என்ன நடந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

வெளியே வந்ததும் எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். "போர்டைத் திருப்புனது நீருதானவே?" என்று ஒருவர் கேட்டார்.

"வேற யாரு?" என்றார் வேல்சாமி. "ஐந்தருவி வந்திருக்கும், இவருக்குக் கை அரிச்சிருக்கும். இத்தனை கோடி போட்டு எடுத்த படத்தை ஒத்தக் கையால கவுத்திட்டீரே வே!"

அண்ணாச்சி தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. பிறகு, புதுசாக வாங்கிய பொருளைக் காட்டுவது போல, அந்தக் கையை எல்லோருக்கும் காட்டினார். ஒரு பிள்ளை அதைத் தொட்டுப் பார்த்தது.

படம் ஓடினவரை எல்லாக் காட்சியிலும் அந்த இடத்தில் கூட்டம் எழுந்து நின்று கத்தியது. திருவேங்கடத்திலிருந்தெல்லாம் வேன் பிடித்து வந்தார்கள். டிரிப் இல்லாதபோது அண்ணாச்சி போய் விசில் ஊதினார். இப்போது ஐந்தருவியில் அவர் குதித்து இறங்கிப் போர்டைத் திருப்பும்போது பஸ்ஸில் இருப்பவர்கள் கை தட்டுகிறார்கள். அவரும் கொஞ்சம் மெதுவாக, எல்லோருக்கும் தெரிகிற மாதிரித் திருப்புகிறார்.

இந்தச் சாரலுக்கு முஃபீத் குடும்பத்தோடு குளிக்க வந்தான். எங்கள் லாட்ஜில்தான் அறை. சாவியைக் கொடுக்கும்போது, கேட்கலாமா வேண்டாமா என்று இருந்து, கடைசியில் கேட்டுவிட்டேன். அந்தப் போர்டு விஷயத்தில் உங்களுக்குத் திட்டு விழுந்திருக்குமே? அண்ணாச்சியின் கைப்பழக்கம் உங்களை மாட்டிவிட்டதே?

"திட்டு விழுந்துச்சு. ஆனா அண்ணாச்சி கையா?" அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சிரித்தான். "அந்த ஷாட் எடுத்த அன்னைக்கு அவரு திருநெல்வேலியில தொண்டையக் காட்டிக்கிட்டு இருந்தாரு. டீ பிரேக்குல ஜெபமலர் அக்கா சிப்ஸ் கொண்டாந்தாங்க. எல்லாருக்கும் கொடுத்துட்டு, வண்டிக்கு முன்னால போய் நின்னு, போர்டைக் கழத்தித் திருப்பி மாட்டினாங்க. முந்தியால தொடைச்சுகூட விட்டாங்க. நான் பாக்கேன்னு தெரிஞ்சதும் நேரா வந்து ஒரு பொட்டலத்தை என் கையில வச்சு, 'தம்பி, நீ பாக்கல என்ன?'ன்னாங்க."

சாவியை வாங்கிக்கொண்டே சொன்னான்:

"நானும் பாக்கல."